தென்சென்னைப் புறநகர்களில் நாய் வளர்ப்பு: வேட்டைக் காட்டிலிருந்து அடுக்ககம் வரை

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், வேளச்சேரி முதலிய தென்சென்னைப் புறநகர்களில் நாய் வளர்ப்போர் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி, "எந்த இனம் நல்லது?" என்பதுதான். லாப்ரடார் சாதுவானது, ராட்வைலர் முரடானது, நாட்டு நாய்க்கு நோய் வராது என ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வர். இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை சற்று வேறுபட்டது. ஒவ்வொரு நாயினமும் ஏதோ ஒரு நிலத்தில், ஏதோ ஒரு வேலைக்காக உருவாக்கப்பட்டது. அந்த வேலையும் அந்த நிலமும் மாறிய பிறகும் நாயின் உடல் மாறுவதில்லை. இந்தப் பொருத்தமின்மையே இன்று நாய்களுக்கும் அவற்றை வளர்ப்போருக்கும் நேரும் பல துன்பங்களுக்குக் காரணமாக உள்ளது.

பழங்காலப் பின்னணி

தமிழில் நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி, சுணங்கன் எனப் பல சொற்கள் உள்ளன. சங்க இலக்கியத்தில் நாய் பெரும்பாலும் வேட்டுவர்களின் துணையாக வருகிறது. வேட்டைக்கு அடுத்து அதற்கிருந்த வேலை, ஆநிரைகளைக் காத்தல்.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் உள்ள நடுகல் இதற்குச் சிறந்த சான்றாகும். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் இக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எழுப்பப்பட்டது. அவனுடைய நாயும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஒரு நாய்க்குத் தனிப்பெயர் இருந்தது, அப்பெயர் கல்லில் பொறிக்கத் தக்கதாகக் கருதப்பட்டது என்பதை இதனால் அறிகிறோம். ஆனால் கல்வெட்டில் கோவிவனின் இனம் குறிப்பிடப்படவில்லை. அதன் செயலே பேசப்படுகிறது.

தமிழ்நாட்டின் வேட்டை இனங்கள்

இன்று தமிழ்நாட்டு இனங்கள் எனப் பரவலாக அறியப்படுபவை நான்கு.

இராஜபாளையம் நாய் விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம் நகரால் பெயர் பெற்றது. பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, உயர்ந்த உடல் ஆகியவை இதன் அடையாளங்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது. ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, வேற்றாளை எளிதில் ஏற்காத இயல்புடையது. வெள்ளை நிறத்தை மட்டுமே விரும்பித் தேர்ந்தெடுத்ததால் இவ்வினத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவையாக உள்ளன. குட்டி வாங்குவோர் அதன் பின்புறமிருந்து கைதட்டிப் பார்ப்பது இதனாலேயே.

சிப்பிப்பாறை, அதே மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அவ்வூரால் பெயர் பெற்ற நாய் ஒல்லியானது, நீண்ட கால்களை உடையது. மோப்பத்தைவிடப் பார்வையால் இரையைத் துரத்துவது. கரிசல் வெளிகளில் முயல் வேட்டைக்கு இதன் வேகம் பயன்பட்டது. உருவத்தில் இதை ஒத்த கன்னி நாய் பெரும்பாலும் கருப்பு நிறத்தில், கால்களிலும் முகத்திலும் செம்பழுப்புத் திட்டுகளுடன் இருக்கும். இவை இரண்டும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளே என்று கருதுவோரும் உண்டு.

கோம்பை நாய் தேனி மாவட்டத்துக் கோம்பையைச் சேர்ந்தது. செம்பழுப்பு உடலும் கரிய முகமும் கொண்டது. மற்ற மூன்றைவிடக் கட்டுறுதியானது. காவல் உணர்வு மிக்கது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. காட்டுயிர்களைக் காக்க அது தேவையான சட்டமே. ஆனால் அதனுடன் இந்த நாய்களின் முதன்மைத் தொழில் முடிவுக்கு வந்தது. வேலையற்றுப்போன இனங்கள் குறையத் தொடங்கின. மிஞ்சியவை தோட்டக் காவலுக்கும் பின்னர் நகர வீடுகளுக்கும் வந்தன. சு. தியடோர் பாஸ்கரன் 2017-இல் வெளியிட்ட 'தி புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்' என்னும் நூல் இத்தகைய இந்திய இனங்களின் நிலையை விரிவாகப் பதிவு செய்கிறது.

'இனம்' என்னும் கருத்தின் வருகை

நாய்களை நிறம், உயரம், காது வடிவம் என அளவிட்டுத் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்யும் முறை 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. 1859-இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகள் வழியாக இவ்வழக்கம் இந்தியாவுக்கும் வந்தது. இந்திய நாய்களின் வம்சாவளிப் பதிவேட்டைப் பராமரிக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது.

சென்னை வீடுகளில் வழங்கிய இனப் பெயர்களிலும் வரலாறு ஒளிந்திருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டு நாயை மூத்த தலைமுறையினர் 'அல்சேஷன்' என்றே அழைப்பர். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி என்ற பெயரை வெறுத்த பிரித்தானியர் சூட்டிய பெயர் அது. பிரித்தானியக் கென்னல் கிளப் 1977-இல் பழைய பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. தாம்பரத்தில் இன்றும் 'அல்சேஷன்' வழக்கொழியவில்லை. அதேபோல், 1980, 1990-களில் நடுத்தர வீடுகளில் மிகுதியாகக் காணப்பட்ட வெள்ளைப் 'பொமரேனியன்' நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வகையே. நம் வெயிலுக்குப் பழகிய அந்த நாய் அரிசிச் சோற்றையும் ஏற்றுக்கொண்டு வளர்ந்தது.

புறநகரின் வளர்ச்சியும் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையும்

1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்புகள் மெல்லப் பெருகின. அடுத்த பல பத்தாண்டுகளில் அரசு ஊழியர்களும் ஓய்வுபெற்றோரும் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் போன்ற இடங்களில் மனை வாங்கி வீடு கட்டினர். ஏரியும் வயலும் புதரும் சூழ்ந்த பகுதியில், பக்கத்து வீடு தொலைவில் இருந்த காலத்தில், நாய் ஒரு தேவையாக இருந்தது. பாம்பு வந்தாலும் திருடன் வந்தாலும் முதலில் குரல் கொடுத்தது அதுவே. சுற்றுச்சுவர் கதவில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகை தொங்கியது.

1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை வளர்ந்தது. தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்தன. முற்றமும் கிணற்றடியும் இருந்த வீட்டில் சுற்றித் திரிந்த நாய், இரண்டு படுக்கையறை வீட்டின் பால்கனிக்கு மாறியது. பகலில் வீட்டில் ஆளில்லை. காவல் வேலையைக் கண்காணிப்புக் கேமரா எடுத்துக்கொண்டது. நாய் தோழமைக்கென்று வளர்க்கப்படலாயிற்று.

இக்காலத்தில் விளம்பரமும் திரைப்படமும் இனத் தேர்வைத் தீர்மானிக்கத் தொடங்கின. 2003-இல் ஒரு கைபேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவனைத் தொடர்ந்து ஓடிய பக் நாய் நாடெங்கும் தேவையைக் கூட்டியது. தட்டையான முகம் காரணமாக வெப்பத்தில் மூச்சுவிடத் திணறும் இனம் அது என்பதை வாங்கியவர் பலர் பின்னரே அறிந்தனர்.

சைதாப்பேட்டை: மருத்துவக் கல்வியும் இனப்பெருக்கமும்

தென்னிந்தியக் கால்நடை மருத்துவக் கல்வியின் தொடக்கம் சைதாப்பேட்டையில்தான். 1903-இல் டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1905-இல் வேப்பேரிக்கு மாறியது. தனியார் மருத்துவமனைகள் பெருகுவதற்கு முன், தாம்பரத்தில் ஒரு நாய்க்குக் கடும் நோய் கண்டால் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேப்பேரிக்கே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தபோது இக்கல்லூரி அதன் அங்கமாயிற்று.

நாட்டு இனங்கள் அருகிவந்த நிலையில், 1980-களின் தொடக்கத்தில் கால்நடை பராமரிப்புத் துறை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை அமைத்தது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய இனக் குட்டிகளைப் பொதுமக்கள் இங்கே வாங்க முடிந்தது. பின்னாளில், நாய்கள் அங்கே வைக்கப்பட்டிருந்த நிலையைக் குறித்து விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்பிரிவை மூட உத்தரவிட்டது. இனத்தைக் காப்பதும் அந்த இனத்தின் ஒவ்வொரு நாயையும் காப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வழக்கு வெளிப்படுத்தியது.

நாட்டு இனங்களுக்கு அரசு ஏற்பு பின்வருமாறு கிடைத்தது. 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளுள் இராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டு 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இந்திய இனங்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு முதலில் பதிவு செய்த மூன்று நாயினங்களில் இராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. மூன்றாவது கர்நாடகத்தின் முதோல்.

அடையாறும் வேளச்சேரியும்: விலங்கு நல இயக்கம்

விலங்கு நலச் சட்டங்களின் வரலாற்றில் தென்சென்னைக்குத் தனி இடம் உண்டு. திருவான்மியூர் கலாக்ஷேத்திராவின் நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1962-இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பல்லாண்டுகள் சென்னையில் இயங்கிய அவ்வாரியத்தின் தலைமையகம் பின்னர் அரியானாவுக்கு மாற்றப்பட்டது.

1959-இல், மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை மீட்ட நிகழ்வை ஒட்டி, விமானியான கேப்டன் வி. சுந்தரம் தம் குடும்பத்தினருடன் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். கிண்டியை அடுத்த வேளச்சேரி சாலையில் அது இன்றும் இயங்குகிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சென்னையில் இருந்தது. அவ்வாறு கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை எனக் கண்ட புளூ கிராஸ், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1964-இல் முன்வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1996-இல் மாநகராட்சி அதை நகரம் முழுவதும் ஏற்றது. 2001-இல் மத்திய அரசு அதை நாடு முழுமைக்குமான விதியாக்கியது. அவ்விதிகள் 2023-இல் திருத்தி அமைக்கப்பட்டன.

வெறிநோய்

நாய் வளர்ப்பில் உயிரையே பறிக்கக்கூடியது ரேபிஸ் எனப்படும் வெறிநோய். 1902-இல் நீலகிரிப் பகுதியில் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்னும் இளம்பெண் இந்நோயால் இறந்தார். அப்போது இந்தியாவில் இதற்கான சிகிச்சை இமயமலை அடிவாரக் கசௌலியில் மட்டுமே கிடைத்தது. தென்னிந்தியாவிலிருந்து அங்கே சென்றடைவதற்குள் காலம் கடந்துவிடும். இதன் விளைவாக 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது.

இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் தடவக் கூடாது. உடனே மருத்துவமனை சென்று, குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். ஆழமான காயத்துக்கு எதிர்ப்புரதம் எனப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. வீட்டு நாய்தானே, சிறு கீறல்தானே என அலட்சியம் செய்வது ஆபத்து.

குணம்: பிறப்பா, வளர்ப்பா?

லாப்ரடார், கனடாவின் நியூபவுண்ட்லாந்து மீனவர்களின் நாய்களிலிருந்து உருவானது. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யப் பழகியது, நீரை விரும்புவது. உணவின் மீது அதற்குள்ள தணியாத ஆசைக்கு மரபணுக் காரணமும் உண்டு. ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரில் பசி அடங்குவதைத் தடுக்கும் மரபணு மாற்றம் உள்ளதாக 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. அடுக்ககங்களில் லாப்ரடார்கள் உடல் பருத்து மூட்டுவலியால் துன்புறுவதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். ராட்வைலர் ஜெர்மனியில் மாடுகளை ஓட்டவும் வண்டி இழுக்கவும் பயன்பட்டது. சைபீரியன் ஹஸ்கி பனியில் சறுக்குவண்டி இழுத்தது.

ஆயினும் இனமே குணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்போர் தந்த விவரங்களையும், அவற்றுள் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஆராய்ந்தது. தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே என அது கண்டறிந்தது. அதாவது, இன வரலாறு நாயின் உடல் வலிமை, ஓட்டம், வெப்பம் தாங்கும் திறன் ஆகியவற்றைப் பெருமளவு சொல்லிவிடும். அது சாதுவா, அச்சமுடையதா, கடிக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்லாது. குட்டிப் பருவத்தில் பல மனிதர்களையும் ஒலிகளையும் பழக்குவதும், நாள்தோறும் ஓடவிடுவதும், அடித்து வளர்க்காமல் இருப்பதும் அதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. சாதுவான நாயும் கடிக்கக்கூடும். ஆனால் பெருந்தாடை கொண்ட நாய் கடித்தால் விளைவு பெரிது. எனவே வலிமை மிக்க இனத்தை வளர்ப்போருக்குப் பொறுப்பும் அதற்கேற்ப மிகுதி. வாய்மூடியும் பிடிகயிறும் இல்லாமல் அதைப் பொது இடத்துக்குக் கொண்டு செல்லலாகாது.

தட்பவெப்பமும் அன்றாடப் பராமரிப்பும்

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சென்னையில் நாய் வளர்ப்பதற்கெனச் சில நெறிகள் உள்ளன.

நடை: நாய்க்கு வியர்வை மிகக் குறைவு. மூச்சிரைத்தே அது உடல் சூட்டைத் தணிக்கிறது. கோடையில் வெயில் ஏறுமுன் காலையிலும், தார்ச்சாலை ஆறிய பின் மாலையிலும் மட்டுமே நடத்த வேண்டும். புறங்கையைச் சாலையில் வைத்துச் சில நொடிகள் பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. சிப்பிப்பாறை, கன்னி இனங்களுக்கு நடை மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும். ஓட வழியில்லாத வீட்டில் அவற்றைக் கட்டிவைப்பது கொடுமையாகும்.

உண்ணி: காதுமடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். பழுப்பு உண்ணி எர்லிக்கியா, பபேசியா என்னும் கிருமிகளைப் பரப்புகிறது. காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள்.

தடுப்பூசி: உலகில் 1978-இல் அடையாளம் காணப்பட்ட பார்வோ வைரஸ், 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டறியப்பட்டது. இன்றும் குட்டிகளைக் கொல்லும் முதன்மை நோய்களுள் இது ஒன்று. நாட்டு நாய்க்கு ஊசி வேண்டாம் என்பது தவறான நம்பிக்கை. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், ரேபிஸ் ஆகியவற்றுக்கான ஊசிகள் எல்லா நாய்களுக்கும் பொது.

உணவு: தயிர்ச்சோறு மட்டும் போதாது, முட்டை அல்லது இறைச்சிப் புரதமும் தேவை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிராய்களாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

மழைக்காலம்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. சங்கிலியில் கட்டப்பட்ட நாய் வெள்ளத்தில் தப்ப முடியாது. எச்சரிக்கை வந்தவுடன் அவிழ்த்து மேல்தளத்துக்கு ஏற்றிவிட வேண்டும். வெள்ளம் வடிந்த பின் தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் மனிதருக்கும் பரவக்கூடும்.

சட்டமும் கடமையும்

2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் நாய் இனப்பெருக்கம் செய்து விற்போர் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கின. 2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏப்ரலில் நீக்கியது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை வேறொரு கோணத்தில் அமைந்தது. நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத ஹஸ்கி, செயிண்ட் பெர்னார்டு, பக் போன்ற இனங்களை இங்கே பெருக்குவதைத் தவிர்த்து, நாட்டு இனங்களை ஊக்குவிப்பது அதன் நோக்கம்.

வேளச்சேரி, மேடவாக்கத்தை ஒட்டிய பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்கள் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவை. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் முதலியவை 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்டவை. எனவே நாய் வளர்ப்போர் தம் வீடு எந்த மாநகராட்சியில் உள்ளது என்பதை அறிந்து உரிய உரிமம் பெற வேண்டும்.

வளர்க்க முடியாமல் தெருவில் விடப்படும் இன நாய்கள் இன்றைய பெருஞ்சிக்கலாகும். வீட்டிலேயே வளர்ந்த நாய்க்கு உணவு தேடத் தெரியாது, போக்குவரத்து தெரியாது, தெருநாய்களின் எல்லையும் தெரியாது. வளர்ப்பு விலங்கைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்குமுன் ஒருவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை சிலவே. இந்த இனம் எந்த வேலைக்காக உருவானது? அந்த வேலைக்கு ஈடான ஓட்டமும் பயிற்சியும் நம் வீட்டில் தர இயலுமா? நம் வெயிலை இது தாங்குமா? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? இவற்றுக்கு நிறைவான விடை இல்லாதோர், தடுப்பூசியும் கருத்தடையும் செய்யப்பட்ட ஒரு தெருக்குட்டியைத் தத்தெடுக்கலாம். அதற்கும் இயலாதெனில் வளர்க்காமல் இருப்பதே நாய்க்குச் செய்யும் நன்மை.

எடத்தனூர்க் கல்லில் கோவிவனுக்குப் பெயர் கிடைத்தது, அது தன் கடமையைச் செய்ததால். இன்று மணி, ஜிம்மி, டைகர் என்னும் பெயர்கள் தடுப்பூசி அட்டையிலும் மாநகராட்சி உரிமத்திலும் எழுதப்படுகின்றன. அந்த அட்டையில் ஆண்டுதோறும் தேதி விடுபடாமல் இருப்பது வளர்ப்பவரின் கடமை.